அந்த நான்காவது வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், ஒன்றரை வயதுக் குழந்தையின் தாய் ஒருவர் எழுதியிருந்தார். தனக்குப் பிறப்புறுப்பில் ஹெர்பீஸ் இருக்கிறது, குழந்தைக்கு ஒட்டிவிடுமோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்று. நான்கு வரியில் பதில் வந்திருந்தது. கணவரையும் அழைத்துக்கொண்டு பால்வினை நோய் மருத்துவரைப் பாருங்கள் என்று மூன்று வரி. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. நான்காவது வரி: 'குழந்தையுடன் நெருங்கிப் பழகுவதைத் தவிர்க்கவும்.'

அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஒன்றரை வயதுக் குழந்தையோடு நெருங்கிப் பழகாமல் ஒரு தாய் எப்படி இருப்பாள்? யார் குளிப்பாட்டுவது, யார் கால் கழுவிவிடுவது, நடுராத்திரியில் வீறிட்டு அழுதால் யார் தூக்குவது? அந்தப் பெண் இன்னும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பார். அப்படி எதற்கும் அவசியமே இல்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

எனக்கும் அதே நோய் இருக்கிறது. இரண்டு குழந்தைகள். மூத்தவள் யுகேஜி படிக்கிறாள், இளையவன் கைக்குழந்தை. கரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நானும் கணவரும் ஒரு காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இந்த வைரஸ் உடம்புக்குள் நுழைந்து நரம்பு முடிச்சில் போய் ஒண்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் சத்தமே காட்டாமல் இருக்கும். பலருக்கு ஆயுசு முழுக்க ஒரு கொப்புளம்கூட வராது என்று மருத்துவர் சொன்ன பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டோம். விடை வராத கணக்கு அது. அதற்கு மேல் எங்கள் சொந்த விஷயம் எதுவும் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

மூத்தவள் பிறந்த சமயத்தில் எனக்கிருந்த பயத்தைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவருக்கு இது புரிய வேண்டும். எங்கள் பக்கம் தூளி கட்டுவதற்குத் தாயின் பழைய நூல் சேலையைத்தான் எடுப்பார்கள். நைந்த துணி என்பதால் குழந்தைக்கு உறுத்தாது. அம்மாவின் வாசம் இருந்தால் குழந்தை தூங்கும் என்றும் சொல்வார்கள். என் சேலையை எடுக்காதே என்று அம்மாவிடம் நான் மல்லுக்கு நின்றேன். காரணம் சொல்ல முடியவில்லை. கடையில் புதுச்சேலை வாங்கி வரச் சொன்னேன். காலை நீட்டி உட்கார்ந்து, கெண்டைக்கால் மேல் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அம்மாவுக்கு விட்ட வேலையாயிற்று. நான் கிட்டே போகவில்லை. என் துண்டு தனி, சோப்பு தனி, என் துணி ஊறும் பக்கெட் தனி. கழிப்பறைக்குப் போய்வந்தால் டெட்டால் போட்டுக் கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குச் சோப்பு மூலக்கூறின் படம் போடுகிறவள் நான். தலை தண்ணீரைப் பிடிக்கும், வால் கொழுப்பைப் பிடிக்கும் என்று சாக்பீஸால் வட்டமும் கோடும் போட்டு விளக்குகிறேன். ஹெர்பீஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சாதாரண ஐந்து ரூபாய் சோப்பு அதைக் கலைத்துவிடும். பாடம் வேறு, பயம் வேறு போலிருக்கிறது.

அந்தப் பயத்தை இறக்கி வைத்தவர் எங்கள் மகப்பேறு மருத்துவர். வயதானவர், அதட்டிப் பேசுகிறவர். "ஏம்மா, அது என்ன பல்லியா, சேலை மடிப்புல ஒளிஞ்சுக்கிட்டு இருக்க? துணி காஞ்சா அதுவும் காஞ்சு போயிடும்" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். தோலோடு தோல் நேரடியாகப் படும்போது, அதிலும் புண் இருக்கும் இடம் படும்போதுதான் இது தொற்றுகிறது. பிறப்புறுப்பில் இருப்பது மடியில் உட்கார வைப்பதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, பக்கத்தில் படுத்துத் தூங்குவதாலோ, ஒரே வாஷிங் மெஷினில் துணி துவைப்பதாலோ குழந்தைக்குப் போகாது. கழிப்பறை இருக்கையிலிருந்தும் வராது. புண் இருக்கும் நாட்களில் அதைத் தொட்டாலோ மருந்து தடவினாலோ கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். தாராளமாகப் பால் கொடுக்கலாம். மார்பிலோ காம்பிலோ கொப்புளம் இருந்தால் மட்டும் அது ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது. இதை உங்கள் மருத்துவர் நான்காவது வரியாக எழுதியிருந்தால் அந்தத் தாய் அன்றைக்குத் தூங்கியிருப்பார்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். நான் பயப்பட வேண்டிய இடம் என் மடியில்லை, விருந்தாளியின் உதடு.

ஹெர்பீஸ் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். ஆனால் உதட்டோரத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம் வருமே, காய்ச்சல் வந்து போனாலோ வெயிலில் அலைந்தாலோ வந்து, எரிந்து, உடைந்து, பொருக்குத் தட்டிப் போகுமே, அதுவும் இதே வைரஸ் குடும்பம்தான். சூட்டுக் கொப்புளம் என்போம், பல்லி எச்சம் பட்டுவிட்டது என்போம், வெண்ணெய் தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். அது முதல் வகை. பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது இரண்டாம் வகை. ஒன்று மற்றதன் இடத்திலும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு, அதாவது 64 சதவீதத்தினருக்கு, முதல் வகை இருக்கிறது. இரண்டாம் வகை 15 முதல் 49 வயதுக்குள் 52 கோடிப் பேருக்கு. முதல் வகை பெரும்பாலும் சின்ன வயதிலேயே, யாராவது ஆசையாகக் கொடுத்த முத்தத்திலோ எச்சிலிலோ வந்திருக்கும். ஆக, ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். இடம்தான் வேறு. அவர்களில் யாரையும் குழந்தையைத் தொடாதே என்று எந்த மருத்துவரும் பத்திரிகையில் எழுதுவதில்லை.

இளையவன் பிறந்து ஒரு வாரத்தில் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் பார்க்க வந்தார். கீழுதட்டில் அப்போதுதான் உடைந்த கொப்புளம், ஈரமாக. வந்த வேகத்தில் குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேரே கொண்டுபோனார். "பெரியம்மா, குடுங்க" என்று நான் கையை நீட்டிவிட்டேன். உதட்டில் புண் ஆறும்வரை வேண்டாமே என்றேன். "ஏங்கண்ணு, சூட்டுக் கொப்புளத்துக்குப் போயி இந்தப் பாடா? நாங்கெல்லாம் புள்ள வளத்தலயா?" என்று அவர் முகம் சுண்டிப் போயிற்று. வீடே அமைதியாகிவிட்டது. என் மாமியார்தான் சமாளித்தார். "டாக்டரம்மா யாரும் முத்தம் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி இருக்காங்க அக்கா, எங்களையே உட மாட்டேங்கறா" என்றார். மாமியாருக்கு என் விஷயம் தெரியாது. தெரிந்தால் என் பக்கம் பேசியிருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பேசினார்.

நான் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கு இந்த வைரஸ் வந்தால் அது பெரும்பாலும் வாய்ப்புண்ணும் காய்ச்சலுமாக வந்து போகும். பிறந்து முதல் நான்கு வாரம், ஆறு வாரத்துக்குள் வந்தால் கதை வேறு. கல்லீரல், நுரையீரல், மூளை என்று பரவலாம். உயிர் போகலாம், பிழைத்தாலும் மூளை பாதிக்கப்படலாம். அபூர்வம்தான். உலக அளவில் ஒரு லட்சம் பிரசவத்தில் சுமார் 10 குழந்தைகளுக்கு என்கிறது அதே நிறுவனம். ஆனால் அறிகுறிகளை எல்லாப் பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: பச்சிளம் குழந்தை பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, காய்ச்சல் அல்லது உடம்பு சில்லென்று ஆகிவிடுவது, மூச்சு வாங்குவது, வெட்டு (வலிப்பு), தோலிலோ கண்ணருகிலோ வாயிலோ கொப்புளம். கொப்புளம் இல்லாமலும் இது வரும். இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல், விடியட்டும் என்று காத்திருக்காமல், குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வீட்டில் யாருக்காவது உதட்டுக் கொப்புளமோ தாய்க்கு ஹெர்பீஸோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அசைக்ளோவிர் என்ற மருந்தை நரம்பு வழியாக 14 நாளோ 21 நாளோ ஏற்றுவார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குக் குழந்தை தப்பும்.

அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பிரசவ நேரத்தில் தாயின் பிறப்புப் பாதையிலிருந்துதான் வருகிறது. அங்கேயும் நாம் நினைப்பதற்கு நேர்மாறு. என்னைப் போல நெடுநாளாக ஹெர்பீஸ் இருக்கிற தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. காரணம், அவள் ரத்தத்தில் உருவாகியிருக்கும் எதிர்ப்புப் பொருள் கருவிலிருக்கும் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆபத்தில் இருப்பவள், இதுவரை நோயே இல்லாமல் இருந்து, கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்று வாங்கிக்கொள்கிறவள். பிரசவத்தை ஒட்டி அப்படி நடந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். எதிர்ப்புப் பொருள் உருவாக நேரமிருக்காது. ஆகவே கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லாவிட்டால் கடைசி மூன்று மாதம் விலகி இருக்க வேண்டும். கணவருக்கு உதட்டில் வருகிற வழக்கம் உண்டென்றால் வாயாலும் அந்த உறவு வேண்டாம். பச்சையாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கம் இந்த விஷயத்தில் நமக்குத் தெரியாமலே நல்லது செய்திருக்கிறது. பிரசவமான வீட்டுக்கு முப்பது நாள் வரை வெளியாள் அதிகம் வராமலிருந்ததும் அப்படித்தான். தீட்டு என்ற பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் இன்றைக்குத் தீட்டும் போய், எச்சரிக்கையும் போய், பிரசவ வார்டுக்கே பழத்தோடு இருபது பேர் வந்து கன்னத்தைக் கிள்ளி உதட்டில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். சேனை வைக்கிற வழக்கத்துக்கு மட்டும் நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன். குணசாலியான ஒருவர் விரலால் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். குணம் வருமோ வராதோ, அவர் விரலில் இருப்பது வரும்.

என் இரண்டாவது பிரசவத்தில் 36-வது வாரத்திலிருந்து மருத்துவர் அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்தார். பிரசவ வலி வந்ததும் புண்ணோ, புண் வருவதற்கு முன்பான எரிச்சலோ இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் சிசேரியன், இல்லாவிட்டால் சுகப்பிரசவம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். எதுவும் இல்லை, சுகப்பிரசவம்தான். இவ்வளவும் நடந்ததற்கு ஒரே காரணம், நான் அவரிடம் சொன்னது. முதல் பிரசவத்தின்போது நான் பார்த்த வேறொரு மருத்துவமனையில், கணவர், மாமியார், வரிசையில் நிற்கிற அடுத்த பெண் எல்லோர் முன்னிலையிலும் 'வேற ஏதாச்சும் நோய் இருக்கா?' என்று கேட்டார்கள். அங்கே எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?

எய்ட்ஸ், சிஃபிலிஸ், மஞ்சள் காமாலை பி வகை ஆகியவற்றுக்குக் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தம் பார்க்கிறார்கள். ஹெர்பீஸுக்குப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பது தெரிந்தாலும் வைரஸ் உதட்டில் இருக்கிறதா வேறெங்காவது இருக்கிறதா என்று அது காட்டாது. பாதி ஊருக்கு 'இருக்கிறது' என்று வந்து, பீதி மட்டும் மிஞ்சும். நான் கேட்பது காசு செலவில்லாத ஒன்று. தனி அறையில், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கிராம சுகாதார செவிலியரோ மருத்துவரோ ஒரு கேள்வி கேட்கட்டும்: 'உனக்கோ உன் வீட்டுக்காரருக்கோ அந்த இடத்தில் கொப்புளமோ புண்ணோ எப்போதாவது வந்ததுண்டா?' கணவரிடமும் தனியாகக் கேட்கட்டும். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இதற்கான மாத்திரையைச் சிவப்புப் பொட்டலத்தில் இலவசமாகவே தருகிறார்கள். மருந்து இருக்கிறது. கேள்விதான் இல்லை.

பெரிய குழந்தைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் வாசகியின் குழந்தைக்கு அந்த வயதுதான். என் மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது திடீரென்று காய்ச்சல், ஈறெல்லாம் சிவந்து வீங்கி ரத்தம் கசிந்தது, வாய் நிறையப் புண், ஜொள்ளு ஒழுகிக்கொண்டே இருந்தது. தண்ணீரைக் காட்டினாலே அழுதாள். என்னிடமிருந்துதான் போய்விட்டது என்று நான் நொறுங்கிப் போனேன். குழந்தை மருத்துவர் சிரித்தார். இது முதல் வகை வைரஸ் முதன்முதலாக வரும்போது ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவது, ஒரே பொம்மையை நாலு குழந்தைகள் வாயில் வைத்தாலே போதும், யாரிடமிருந்து என்று தேடாதீர்கள் என்றார். புண் தொடங்கி மூன்று நாளுக்குள் வந்ததால் அசைக்ளோவிர் சிரப் எழுதினார். நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பதுதான் முக்கியமான வைத்தியம். உப்புப் போடாத நீர்மோர், இளநீர், ஆறவைத்த ராகிக் கூழ் என்று ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். ஆரஞ்சும் எலுமிச்சையும் எரியும், கூடாது. இரண்டு வாரத்தில் முழுக்க ஆறியது. மருந்துக்கடையில் சீட்டில் 'ஹெர்பெடிக்' என்ற சொல்லைப் படித்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான் பாருங்கள், அதுதான் ஆற நாளாயிற்று.

மற்றபடி பெற்றோர் அவசரமாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. உதட்டுப் புண் இருக்கும்போது கண் சிவந்து கூசினால் கண் மருத்துவரிடம் போங்கள்; வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள், ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கண்ணுக்கே கேடு. கரப்பான் என்கிற தோல் நோய் (எக்ஸிமா) உள்ள குழந்தையின் தோலில் திடீரென்று கொப்புளங்கள் பரவினால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். வாய்ப்புண்ணோடு விரல் சூப்பும் குழந்தைக்கு விரலிலும் கொப்புளம் வரும், உடைக்கக் கூடாது. உதட்டில் கொப்புளம் உள்ள அப்பா அம்மா பொருக்கு உதிரும்வரை முத்தத்தை நிறுத்திவைத்து, டம்ளர், ஸ்பூன், துண்டைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். கொப்புளமில்லாத நாளிலும் சில சமயம் வைரஸ் வெளியேறும் என்பது உண்மை. அதற்காக ஆயுசு முழுக்கக் குழந்தையை முத்தமிடாமல் இருக்கச் சொல்லும் மருத்துவர் யாரையும் நான் பார்க்கவில்லை, உங்கள் இணைப்பிதழைத் தவிர.

அந்தத் தாய்க்கு அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுபதில் போடுங்கள். ஒரு குழந்தை மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் எழுதியதையும் அவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் பெரியம்மாவையும் மருந்துக்கடைப் பையனையும் வெட்டிவிடுங்கள். பச்சிளம் குழந்தையின் அறிகுறிகள் உள்ள பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர் மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வெளியிட வேண்டாம்.)